கிடந்துச்சா, கிடந்தாங்களா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, அருமையான புதிர் ஒன்றை என் வாயாலேயே கெடுத்தேன். கெடுக்க நான்கு நொடிகூட ஆகவில்லை.

நாங்கள் ஐந்து பேர். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள், இப்போது ஆளுக்கொரு திசை. சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு அலைபேசியில் கூடுவோம். படம் கூடாது, குரல் மட்டும். இது வக்கீல் போட்ட சட்டம். முகத்தைப் பார்த்தால் விடை தெரிந்துவிடுமாம். முதல் பத்து நிமிடம் முதுகுவலி, வீட்டுக்கடன், பிள்ளைகளின் மதிப்பெண். பிறகு யாராவது "சரி, போடு" என்பார்கள். போட வேண்டியது புதிர். பதினோரு வருடமாக இப்படித்தான். எங்களில் இரண்டு பேர் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத ஒரு காலம் இருந்தது. அப்போதும் புதிருக்குக் கேள்வி கேட்பதை மட்டும் இருவரும் நிறுத்தவில்லை.

பெயரைப் போட்டால் உதைப்பார்கள். அதனால் நாங்கள் கூப்பிட்டுக்கொள்ளும் பட்டங்களையே எழுதுகிறேன்: வக்கீல், டாக்டர், ஆடிட்டர், மௌனி. முதல் மூன்றும் தொழில். நான்காவது குணம். நான் பிழை திருத்துபவள். புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதுதான் பதினாறு வருடமாகச் சோறு போடுகிறது. நடந்த கூத்து புரிய இந்தத் தகவல் வேண்டும்.

அன்றைக்கு என் முறை. "பூட்டின அறை. ஜன்னல் மட்டும் திறந்திருக்கு. தரையெல்லாம் தண்ணி, உடைஞ்ச கண்ணாடி. ராஜாவும் ராணியும் செத்துக் கிடக்குது. என்ன நடந்திருக்கும்?"

"மீன்," என்றான் வக்கீல்.

"முன்னாடியே கேட்டிருக்கியா?"

"இல்லியே. நீதான சொன்ன, கிடக்குதுன்னு. ஆளா இருந்தா கிடக்குறாங்கன்னு சொல்லியிருப்ப. தண்ணி, கண்ணாடி, கிடக்குது. தொட்டி கவிழ்ந்திருக்கு. காத்துல ஜன்னல் அடிச்சிருக்கும், இல்லேன்னா பூனை. அடுத்தது போடு."

பதினாறு வருடமாக அடுத்தவர் எழுத்தில் திணை மயக்கத்தைச் சிவப்பு மையில் சுழிப்பவள் நான். என் திணையை ஒருவன் கேட்டுப் பிடித்துவிட்டான்.

ஆங்கிலத்தில் இந்தப் புதிர் எத்தனையோ பேரை அரை மணி நேரம் உட்காரவைத்த ஒன்று. செத்துக் கிடப்பது ஆளானாலும் மீனானாலும் அந்த மொழியில் வினை மாறாது. நமக்கு அப்படியா? வாயைத் திறந்து வினைமுற்றைச் சொன்ன கணமே உயர்திணையா அஃறிணையா, ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்று எல்லாச் சீட்டையும் மேசையில் விரித்துவிடுகிறோம். புதிர் போடுபவருக்குத் தமிழ் ஒரு காட்டிக்கொடுக்கும் மொழி. அன்றிலிருந்து நான் வேறொன்றும் யோசிக்கவில்லை என்று சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் சாட்சி சொல்வார்கள்.

"கிடக்குறாங்கன்னே சொல்லியிருக்கலாமே, எவன் கேட்கப் போறான்?" என்றாள் டாக்டர்.

"அது பொய்யாயிடும்டி."

"விடுகதையில எல்லாரும் சொல்றதுதான? 'ஆயிரம் தச்சர் கூடி அழகா மண்டபம் கட்ட, ஒருவன் கண்பட்டு உடைஞ்சதாம் மண்டபம்.' தேன்கூடு. தேனீ என்ன தச்சரா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு ஆட்டத்தின் விதி. விடுகதைக்குப் பொய் சொல்ல உரிமை உண்டு. உருவகம்தான் அதன் உயிர். தொல்காப்பியம் செய்யுளியலில் விடுகதைக்குப் 'பிசி' என்று பெயர். அங்கே அதை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். 'ஒப்பொடு புணர்ந்த உவமத்தானும்' என்பது ஒன்று. தேனீயைத் தச்சர் என்பதெல்லாம் அதில் அடங்கும். 'தோன்றுவது கிளந்த துணிவினானும்' என்பது மற்றது: தோன்றுவதையே சொல்லி, இன்னதென்று சொல்லாமல் விடுவது. 'கிட்ட இருக்கும் பட்டணம், எட்டிப் பார்க்க முடியவில்லை' என்று முதுகைச் சொல்லும்போது பட்டணம் உவமை. கிட்ட இருப்பதும் பார்க்க முடியாததும் அப்பட்டமான உண்மை. இரண்டு வகையும் ஒரே வரியில் கைகோத்து நிற்கின்றன என்பது என் வாசிப்பு. இலக்கண ஆசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

போதாக்குறைக்கு விடுகதையின் வாலில் ஒரு 'ஆம்' தொங்கும். உடைந்ததாம், வந்தானாம், போனாளாம். நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன், தப்பென்றால் என்னைப் பிடிக்காதே என்று சொல்பவர் கழன்றுகொள்ள ஒரு சந்து.

நாங்கள் சனிக்கிழமை ஆடும் ஆட்டத்தில் அந்தச் சந்து கிடையாது. போடுபவர் ஒரு விநோதமான நிலைமையைச் சொல்வார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பதில் மூன்றே: ஆம், இல்லை, பொருட்டில்லை. ஜப்பானிலும் சீனாவிலும் இந்த விளையாட்டின் பெயரே 'கடலாமை சூப்'. ஒருவன் ஒரு வாய் சூப் குடித்துவிட்டு எழுந்து போய்ச் செத்துப்போகிறான் என்ற பழைய புதிரிலிருந்து வந்த பெயர். எட்வர்ட் டி போனோ 1967இல் 'லேட்டரல் திங்கிங்' என்ற சொல்லை உருவாக்கிய பிறகு, இந்த வகைப் புதிர்களையும் அந்தப் பெயரிலேயே சேர்த்துவிட்டார்கள். பக்கவாட்டுச் சிந்தனை என்று மொழிபெயர்த்துப் பார்த்தேன். நண்டு ஞாபகம்தான் வந்தது. எங்கள் கூட்டத்தில் 'கோணல் புதிர்' என்கிறோம். இதில் போடுபவர் எதையும் மறைக்கலாம், பொய் மட்டும் சொல்லக் கூடாது. சொன்ன ஒவ்வொரு சொல்லும் விடை வெளிவந்த பிறகு திரும்பிப் பார்த்தால் உண்மையாக நிற்க வேண்டும். கேட்டவர்கள் தங்கள் தலையில்தான் அடித்துக்கொள்ள வேண்டும், போட்டவர் தலையில் அல்ல.

ஆகவே 'கிடக்குறாங்க' கூடாது. 'கிடக்குது' என்றால் வக்கீல். என்ன செய்வது?

இதற்கு நேர் எதிரான அனுபவம் ஒன்று உண்டு. அந்தப் பழைய அறுவை மருத்துவர் புதிர் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்பாவும் மகனும் காரில் போகிறார்கள், விபத்து, அப்பா அங்கேயே இறந்துவிடுகிறார். மகனை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அறுவை மருத்துவர் பையனைப் பார்த்ததும், "என்னால் இவனுக்கு அறுவை சிகிச்சை செய்ய முடியாது. இவன் என் மகன்" என்கிறார். எப்படி?

மருத்துவர் அவனுடைய அம்மா. ஆங்கிலத்தில் இதைச் சொல்பவர் 'அவன்', 'அவள்' வந்துவிடாமல் வாக்கியத்தை வளைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டும். எழுத்துத் தமிழில் வளைக்கவே வேண்டாம். 'என்கிறார்' போதும். மரியாதை ஆண்பால் பெண்பால் இரண்டையும் போர்த்தி மூடிவிடும். இந்தப் புதிர் தமிழுக்காகவே பிறந்தது போல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சொல்லிப் பார்த்தபோதுதான் அடுத்த பள்ளம் தெரிந்தது. பேச்சில் யார் 'என்கிறார்' என்கிறார்கள்? ஆணுக்கு மரியாதை என்றால் 'சொல்றாரு'. பெண்ணுக்கு 'சொல்றாங்க'. 'சொல்றாரு' என்றால் பொய். 'சொல்றாங்க' என்றால் விடை. எழுதினால் பிழைக்கும், பேசினால் செத்துவிடும் புதிர் அது. அதனால் அந்த வாரம் குழுவில் தட்டச்சு செய்து அனுப்பினேன்.

டாக்டர் அதைச் சத்தமாக எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். "...பையனைப் பார்த்ததும் டாக்டர் சொல்றாரு, என்னால இவனுக்கு ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு..." இருபது நிமிடம் முயன்றாள். மாற்றாந்தகப்பன் என்றாள். காரில் போனவர் பாதிரியார், அதனால் 'ஃபாதர்' என்றாள். தத்துக் கொடுத்த பிள்ளை என்றாள். கடைசியில் மௌனி, "நீ படிக்கும்போது சொல்றாருன்னு படிச்ச. அதுல அப்படி இல்ல" என்றான்.

அவள் அறுவை மருத்துவர். கத்தி எடுத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. அழைப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "அடச்சே" என்றாள். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை. வக்கீல்கூட.

போடுவதைவிடக் கஷ்டமானது பதில் சொல்வது. ஆம், இல்லை, பொருட்டில்லை என்று மூன்று சொல்தானே, இதில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன். இந்தப் புதிரைப் பாருங்கள்: ஒருவன் கடைக்குள் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கிறான். கல்லாவில் இருப்பவன் துப்பாக்கியை எடுத்து நீட்டுகிறான். வந்தவன் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். விடை விக்கல், தண்ணீருக்குப் பதிலாகப் பயமுறுத்தியே நிறுத்திவிட்டான். எளிய புதிர். அதில் ஆடிட்டர் கேட்ட மூன்றாவது கேள்வி: "வந்தவனுக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லை" என்றேன். விக்கல் எடுப்பதை யாராவது உடம்பு சரியில்லை என்று சொல்வார்களா?

அந்த ஒரு 'இல்லை'யால் நாற்பது நிமிடம் வீணாகப் போயிற்று. உடம்பு சம்பந்தப்பட்ட வாசலையே அவர்கள் இழுத்து மூடிவிட்டார்கள். கொள்ளை, பழைய பகை, சினிமா படப்பிடிப்பு, போலீஸ் ஒத்திகை என்று ஊரெல்லாம் சுற்றினார்கள். விடையைச் சொன்னதும் டாக்டர் பாய்ந்தாள்: "விக்கல் ஒரு அறிகுறி. ரெண்டு நாளைக்கு மேல நீடிச்சா நாங்க அட்மிட் பண்ணிப் பார்ப்போம்." நான் அகராதியை எடுத்தேன். வக்கீல் இரண்டு பக்கமும் வாதாடினான். முடிவு எதுவும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான்காவதாக ஒரு பதிலைச் சேர்த்துக்கொண்டோம்: 'கேள்வியைப் பிரி'. கேட்பவர் நினைக்கும் பொருளும் எனக்குத் தெரிந்த உண்மையும் ஒரே சொல்லுக்குள் பொருந்தாதபோது அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு சின்னக் குறிப்புக் கிடைத்துவிடும்தான். நாற்பது நிமிடச் சண்டைக்கு அது மலிவு.

கேள்வி கேட்பதில் வக்கீல் கெட்டிக்காரன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவனுடைய குறுக்கு விசாரணை எளிய புதிர்களில்தான் பலிக்கும். பத்தாவது மாடியில் குடியிருப்பவன் தனியாக வரும்போது லிஃப்டில் ஏழாவது மாடி வரைதான் போவான், மழை நாளில் மட்டும் பத்துக்குப் போவான் என்ற புதிரை ஐந்தே கேள்வியில் உடைத்தான்: ஆள் குள்ளம், மழை நாளில் குடை கையில் இருக்கும், அதனால் பொத்தான் எட்டும். அதே வக்கீல், புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் அக்கரை சேர்க்கும் புதிரில் இரண்டு வாரம் வெளியே நின்று போராட்டம் நடத்தினான். ஏழு முறை கடந்தால் முடிந்தது. நடுவில் ஒரு தடவை ஆட்டைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். ஐரோப்பாவில் ஆயிரத்து இருநூறு வருடம் முன்பே ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நம்மிடம் ஓநாய் புலியாகிவிட்டது. வக்கீலின் ஆட்சேபம் இதுதான்: "ஓநாயாவது பரவாயில்லை. புலியோட ஒரே படகுல எவன் ஏறுவான்?"

சில புதிர்கள் தாமாகவே செத்துக்கொண்டிருக்கின்றன. வெளியே மூன்று ஸ்விட்ச், உள்ளே ஒரு பல்பு, ஒரே தடவைதான் உள்ளே போகலாம், எது அந்தப் பல்பின் ஸ்விட்ச்? ஒன்றைக் கொஞ்ச நேரம் போட்டு அணைத்து, இன்னொன்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பல்பைத் தொட்டுப் பார்ப்பதுதான் விடை. என் அண்ணன் மகனிடம் சொன்னேன். "பல்பு ஏன் சுடும்?" என்று கேட்டான். அவன் பார்த்த பல்பெல்லாம் எல்.இ.டி. கண்ணாடிப் பக்கம் அதிகம் சுடாது. புதிரை என் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது.

இப்போது ஆடிட்டர் கதை. அவனிடம் நான் இன்னும் முழுதாக மன்னிப்புக் கேட்கவில்லை. இதையே வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு பரிசுப் போட்டி. மூன்று கதவு. ஒன்றின் பின்னால் கார், இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைச் சொல்கிறீர்கள். நடத்துபவர் மற்ற இரண்டில் ஒன்றைத் திறக்கிறார், ஆடு. "மாற்றிக்கொள்கிறீர்களா?" என்கிறார். மாற்றலாமா? 1990இல் அமெரிக்காவில் 'பரேடு' வார இதழில் தன் பத்தியில் மேரிலின் வாஸ் சாவந்த் 'மாற்றுங்கள், மாற்றினால் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு' என்று எழுதினார். ஏறக்குறைய பத்தாயிரம் கடிதம் வந்தது. அதில் ஆயிரம் பேர் அளவுக்கு முனைவர் பட்டம் பெற்றவர்கள். பெரும்பாலானவர்கள் அவர் சொன்னது தப்பு என்று எழுதினார்கள். சரியாகச் சொன்னவர் அவர்தான்.

நான் புதிரைப் போட்டேன். ஆடிட்டர் "பாதிக்குப் பாதி, மாத்தினாலும் மாத்தாட்டியும் ஒண்ணுதான்" என்றான். நான் சிரித்தேன். முனைவர்களே தப்பாகச் சொன்ன கணக்கு, நீ எம்மாத்திரம் என்று ஏதோ சொன்னேன். நல்ல வார்த்தை இல்லை. மூன்று சீட்டை வைத்து நூறு தடவை போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறேன் என்று மறுநாள் ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பினான். பாதிக்குப் பாதிக்குப் பக்கமாகத்தான் வந்திருந்தது. தப்பாகப் போட்டிருப்பான் என்று நினைத்தேன். மூன்று வாரம் அவன் அழைப்பில் வரவில்லை.

பிறகொரு நாள் எதையோ தேடும்போது அந்தப் பத்தியில் வெளியான கேள்வியின் வாசகத்தைப் பார்த்தேன். 'கதவுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த நடத்துபவர்' என்று அதில் இருந்தது. தெரிந்த. அந்த ஒரு பெயரெச்சத்தை நான் சொல்லவில்லை. "அவர் ஒரு கதவைத் திறந்தார், ஆடு இருந்தது" என்று மட்டும் சொல்லியிருந்தேன். நடத்துபவருக்கு விஷயம் தெரியும், எப்போதும் ஆடு இருக்கும் கதவைத்தான் திறப்பார் என்றால் விடை மூன்றில் இரண்டு. அவருக்கும் தெரியாது, குருட்டாம்போக்கில் திறந்தார், தற்செயலாக ஆடு வந்தது என்றால் ஆடிட்டர் சொன்னதுதான் கணக்கு, பாதிக்குப் பாதி. அவனுடைய தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூலையில் சின்னதாக 'கார் வந்தால் அந்த ஆட்டம் செல்லாது' என்று எழுதியிருந்தான். நான் சொன்ன புதிருக்கு அவன் சரியான விடை சொல்லியிருக்கிறான். நான் போட்டதாக நினைத்துக்கொண்ட புதிர் வேறு.

கூப்பிட்டுச் சொன்னேன். "தெரியும்" என்றான். "அப்புறம் ஏன் சொல்லல?" என்றேன். "நீ கேட்கல" என்றான்.

மீன் விஷயத்துக்கு வருகிறேன்.

மௌனியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதிர் ஓடும்போது "கிட்ட வந்தாச்சா?" என்று அவ்வப்போது கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். வக்கீல் எப்போதும் "வந்தாச்சு, வாசல்ல நிக்கிறேன்" என்பான். மௌனி எப்போதும் "ஒண்ணும் தெரியல" என்பான். கடைசியில் மௌனிதான் சொல்வான், அதுவும் சம்பந்தமே இல்லாத நேரத்தில். வக்கீல் இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவான். ஜேனட் மெட்காஃப் என்ற உளவியலாளர் 1980களில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார். புதிரை விடுவிக்கும்போது சில நொடிக்கு ஒரு முறை, விடைக்கு எவ்வளவு கிட்டே இருப்பதாகத் தோன்றுகிறது என்று குறிக்கச் சொன்னார். இயற்கணிதம் போன்ற கணக்குகளில் அந்த உணர்வு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. சட்டென்று திறக்க வேண்டிய புதிர்களில் கடைசிவரை ஏறவில்லை. விடை திடீரென்று வந்தது. அதற்கு முந்திய 1986 கட்டுரையில் இன்னும் சுவையான செய்தி: அந்த வகைப் புதிரில் 'கிட்ட வந்துகொண்டிருக்கிறேன்' என்று படிப்படியாக உணர்ந்தவர்கள்தான் பெரும்பாலும் தப்பான விடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இதை வக்கீலுக்கு அனுப்பினேன். நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

நான் வக்கீலின் வழியில்தான் மீனோடு மல்லுக்கட்டினேன். 'சடலங்கள்' என்று போட்டுப் பார்த்தேன். பெயர்ச்சொல்லை மட்டும் அடுக்கி வினையை விழுங்கினால் தந்தி போல இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரும். 'இரண்டு உயிர்கள் போய்விட்டன' என்று எழுதிப் பார்த்தேன். 'உயிர்கள்' என்றதுமே எலி, பூனை, மீன் எல்லாம் வரிசையில் நிற்கும். ராஜா, ராணியை விட்டுவிட்டுக் காதல் ஜோடி என்றேன். அதற்கும் வினை வேண்டுமே. எங்கே போனாலும் வாக்கியத்தின் வாலில் ஆளா மீனா என்ற கேள்வி நின்றது. கிட்ட வந்துகொண்டே இருப்பதாக வேறு ஒரு நினைப்பு.

ஒரு புதன்கிழமை விடியற்காலை இரண்டு நாற்பதுக்கு மௌனியிடமிருந்து செய்தி. முன்னுரை, பின்னுரை ஏதுமில்லை. ஒரே ஒரு வரி:

"கதவைத் திறந்தப்போ ராஜாவும் ராணியும் தரையில செத்துக் கிடக்கிறது தெரிஞ்சது."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கிடக்கிறது தெரிந்தது. தொழிற்பெயர்! அவன் வருவது தெரிந்தது, அவர்கள் வருவது தெரிந்தது, மாடு வருவது தெரிந்தது. தொழிற்பெயருக்குத் திணை பற்றிய கவலையே கிடையாது, யாரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் உள்ளே விடும். அதற்குப் பின்னால் வரும் 'தெரிஞ்சது' கிடப்பதைப் பற்றியது, கிடந்தவரைப் பற்றியதல்ல. ஒரு சொல்லும் பொய்யில்லை. பேச்சுக்கும் ஒத்துவருகிறது. தினமும் நூறு தொழிற்பெயரைத் தாண்டிப் போகிறவளுக்கு அது கதவாகத் தெரியவில்லை. இதைக் கண்டுபிடித்த மௌனி பாலம் கட்டும் பொறியாளர். இலக்கணத்தில் அவன் எடுத்த மதிப்பெண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"எப்படிடா?" என்று கேட்டேன்.

"தூக்கம் வரல" என்று பதில் வந்தது.

சரி, ஆயுதம் கையில் கிடைத்துவிட்டது. எங்கள் ஐந்து பேருக்கும் விடை தெரியும், அதனால் அந்த வாரமே அலுவலக இடைவேளையில் புது ஆட்கள் மூன்று பேரிடம் போட்டேன். மௌனியின் வாக்கியம் அச்சுப் பிசகாமல். மூவரும் விழுந்தார்கள். கொலையா, தற்கொலையா, விஷமா, கண்ணாடியால் குத்தியதா என்று கேள்விகள் பறந்தன. நான் 'இல்லை', 'இல்லை' என்று ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்போது புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?"

வாயைத் திறந்தேன். ஆம் என்றால் பொய். இல்லை என்றால், அப்படியென்றால் அண்ணன் தங்கையா, எதிரிகளா என்று ஆளாகவே நினைத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் தப்பான பாதையில் போக நான் கைகாட்டியதாகிவிடும். பொருட்டில்லை என்றால், 'அவங்க', 'ரெண்டு பேரும்' இரண்டையும் நான் ஒப்புக்கொண்டு தாண்டியதாகிறது. பேர் என்ன பேர்? கேள்வியைப் பிரி என்றால், எதை எதிலிருந்து பிரிப்பது? ஆளையும் மீனையும்தானே? மறைக்க வேண்டியதை என் வாக்கியத்தில் மறைத்துவிட்டேன். கேட்பவர்கள் தங்கள் வாக்கியத்தில் அதை அவிழ்த்துக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறார்கள்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வக்கீலைக் கூப்பிட்டேன். நீதிமன்ற வளாகத்தில் இருந்தான், பின்னால் ஒரே இரைச்சல். கேள்வியைச் சொன்னேன். நான் எந்தப் பதிலைச் சொன்னால் பொய்ச்சாட்சி ஆகாது என்று கேட்டேன். அவன் யோசித்த நேரத்தில் பின்னால் இரண்டு பேர் ஏதோ தேதிக்காகச் சண்டை போட்டு முடித்துவிட்டார்கள்.

"வாய்தா வாங்கிக்கோ" என்றான். "சனிக்கிழமை பேசுவோம்."

உள்ளே போய் அதையே சொன்னேன். மூன்று பேரும் இன்னும் காத்திருக்கிறார்கள்.